திருப்பூரில் ஒரு ஞாயிறு ஆங்கில வகுப்பு: ஐ, யூ, ஹி மூன்றும் கடைசியில் புரிந்த இடம்

ஐ, யூ, ஹி, ஷி, தே. இதைக் கற்றுக்கொள்ள ஒரு வகுப்பு இருக்கிறது என்று யாராவது போன வருடம் என்னிடம் சொல்லியிருந்தால், இதற்கெல்லாம் ஒரு வகுப்பா என்றுதான் கேட்டிருப்பேன். பள்ளியில் பன்னிரண்டு வருடம் ஆங்கிலம் படித்தாயிற்று, டிகிரியும் வாங்கியாயிற்று, பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக ஒன்பது வருடமாக தினம் நாற்பது மெயில் பையர்களுக்கு, அதாவது எங்களிடம் சரக்கு வாங்குகிறவர்களுக்கு, போகிறது, அதில் ஐ எது யூ எது என்று தெரியாமலா இருக்கும்? தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன், அந்த லேபிள் விவகாரம் வரும் வரை.

நடந்தது இதுதான். சில ஆர்டர்களில் லேபிளை எங்கே வாங்க வேண்டும் என்பதைப் பையரே சொல்லிவிடுவார், அதற்கு நாமினேட்டட் சப்ளையர் என்று பெயர். அந்த சப்ளையர் லேபிளைப் பத்து நாள் தாமதமாகக் கொடுத்தார், கப்பலைப் பிடிக்க முடியவில்லை, சரக்கை விமானத்தில், அதாவது ஏர் ஃபிரைட்டில், அனுப்ப வேண்டிய நிலை. போன் போட்டேன். "எங்க தப்புதானுங்க, ஏர் ஃபிரைட்டை நானே கட்டிடறேன்" என்றார். பெரிய நிம்மதி. உடனே பையருக்கு மெயில் அடித்தேன்: "தி லேபிள் சப்ளையர் செட் தட் ஐ வில் பே தி ஏர் ஃபிரைட்." மறுநாள் பதில் வந்தது, நீங்களே கட்டிக்கொள்வதற்கு மிக்க நன்றி, குறித்துக்கொண்டோம் என்று. நான் எங்கே கட்டுகிறேன் என்று சொன்னேன்? திரும்பத் திரும்ப என் மெயிலைப் படித்தேன், எனக்குத் தப்பே தெரியவில்லை. அதைச் சரிக்கட்ட மூன்று நாளும் இரண்டு கான்ஃபரன்ஸ் காலும் ஆனது. கடைசியில் பாதித் தொகை எங்கள் கம்பெனி தலையில் விழுந்தது.

அதற்கு அப்புறம்தான் வகுப்பு தேடினேன். முதலில் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டரில் முப்பது நாள் கோர்ஸ். பெயர் வேண்டாம். ஏசி ஹால், பெரிய திரை, முதல் நாளே பிரதிப்பெயர், அதாவது ப்ரோநவுன், எல்லாவற்றையும் கட்டம் போட்ட ஒரு அட்டையில் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். ஐ, மீ, மை, மைன், மைசெல்ஃப் என்று பெருக்கல் வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தோம். இன்றைக்கும் தூக்கத்தில் கேட்டால் சொல்வேன். என் லேபிள் மெயிலைக் காட்டி இதில் என்ன தப்பு என்று கேட்டதற்கு, அது ரிப்போர்ட்டட் ஸ்பீச், அதாவது ஒருவர் சொன்னதை நாம் எடுத்துச் சொல்வது, இருபத்தி இரண்டாம் நாள் வரும் என்றார்கள். வந்தது. வில் என்றால் வுட் ஆகும் என்று காலத்தை மாற்றுவதைப் பற்றி ஒரு மணி நேரம் சொல்லிவிட்டு, ஐ என்னவாகும் என்பதை ஒரு வரியில் தாண்டிப் போய்விட்டார்கள். என் பணம் போனது அந்த ஒரு வரியில்தான்.

இப்போது போகும் வகுப்பைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். இதற்குப் பெயர்ப் பலகை கிடையாது. அரசுப் பள்ளியில் ஆங்கிலம் எடுத்து ஓய்வு பெற்ற ஒரு டீச்சர் தன் வீட்டு மாடியில், ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ், ஞாயிறு காலை ஏழு முதல் ஒன்பதரை வரை நடத்துகிறார். தன் பெயரையோ தெருவையோ போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் போடவில்லை. மாதம் அறுநூறு ரூபாய். பதினாறு பேர். அதில் பாதி என்னைப் போல எக்ஸ்போர்ட் ஆட்கள், இரண்டு நர்ஸ்கள், ஒரு கூரியர் ஆபீஸ்காரர், மற்றவர்கள் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள்.

முதல் நாள் என் மெயிலைக் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிப் போட்டுக்கொண்டு படித்தார். "இது இங்கிலீஷ் தப்பு இல்ல கண்ணு, இது நல்ல தமிழ்" என்றார். எனக்கு முதலில் விளங்கவில்லை. அப்புறம் விளக்கினார். தமிழில் நமக்கு 'என்று' என்ற சொல் இருக்கிறது. "நான் கட்டிவிடுகிறேன் என்று அவர் சொன்னார்" என்றால் அந்த 'நான்' அவர்தான், கேட்கிற யாருக்கும் சந்தேகம் வராது. 'என்று' அடுத்தவர் பேச்சை அவர் வாயில் வந்தபடியே பிடித்துவைத்துக் கொடுத்துவிடும். ஆங்கிலத்தில் அந்த வேலையை மேற்கோள் குறிதான் செய்யும். குறியை எடுத்துவிட்டு 'தட்' போட்டுவிட்டால் அந்த நிமிடத்திலிருந்து வாக்கியம் முழுக்க உங்கள் பேச்சு, அதில் வருகிற ஐ நீங்கள் மட்டும்தான். அதனால் "தி சப்ளையர் செட் தட் ஹி வுட் பே." முப்பது நாள் கோர்ஸில் கிடைக்காதது ஐந்து நிமிடத்தில் கிடைத்தது. மறுநாள் ஆபீஸ் போனதும் பழைய மெயில்களைத் தேடிப் பார்த்தேன், இதே தப்பு பதினொரு இடத்தில் இருந்தது. அங்கெல்லாம் பண விஷயம் இல்லாததால் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இவர் ஃபர்ஸ்ட் பெர்சன், செகண்ட் பெர்சன், தேர்ட் பெர்சன் என்று தொடங்குவதே இல்லை. தன்மை, முன்னிலை, படர்க்கை என்று நாம் ஆறாம் ஏழாம் வகுப்பில் படித்து மறந்ததிலிருந்து தொடங்குகிறார். மாடியில் இரண்டு நாற்காலியை எதிரெதிராகப் போட்டு, கொஞ்சம் தள்ளிக் கைப்பிடிச் சுவர் ஓரமாக ஒரு ஸ்டூலைப் போடுவார். முதல் நாற்காலியில் இருப்பவர் பேசுகிறவர், எதிரில் இருப்பவர் கேட்கிறவர், ஸ்டூலில் இருப்பவர் பேச்சில் அடிபடுகிறவர். பேசுகிறவர் வாயைத் திறந்தால் அவர் ஐ, எதிரில் யூ, ஸ்டூலில் ஹி அல்லது ஷி. அடுத்த நிமிடம் எல்லோரையும் இடம் மாற்றுவார். கூரியர்காரர் ஸ்டூலிலிருந்து முதல் நாற்காலிக்கு வந்ததும் ஹி ஐ ஆகிவிடுகிறார். ஆள் அதே ஆள், இடம்தான் வேறு. தமிழ் இலக்கணம் இதை 'மூவிடம்' என்று இடத்தின் பெயராலேயே சொல்வது எவ்வளவு பொருத்தம் என்று எனக்கு முப்பத்தி மூன்று வயதில்தான் உறைத்தது. ஆங்கிலத்தின் 'பெர்சன்' என்ற சொல்லும் லத்தீனில் 'பெர்சோனா', அதாவது நடிகர் போடும் முகமூடி என்ற சொல்லிலிருந்து வந்ததுதான் என்றார். எந்த வேடத்தில் நிற்கிறாய் என்பதுதான் கேள்வி, நீ யார் என்பது இல்லை. எந்த வாக்கியத்தைக் கொடுத்தாலும் இவர் கேட்பது இந்த மூன்றுதான்: பேசறது யாரு, கேக்கறது யாரு, பேச்சுல அடிபடறது யாரு. இப்போது எந்த மெயிலையும் அனுப்பும் முன் மனசுக்குள் அந்த ஸ்டூலைப் போட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

இரண்டாவது வாரம் 'யூ' மட்டும், முழு வகுப்பும். ஒரே ஒருவரைப் பார்த்துப் பேசும்போது ஏன் 'யூ ஆர்', 'யூ இஸ்' ஏன் இல்லை என்று தேர்வுக்குப் படிக்கும் ஒரு பையன் கேட்டான். பள்ளியில் இதைக் கேட்டிருந்தால் விதி அப்படி என்று உட்கார வைத்திருப்பார்கள். டீச்சர் பலகையில் பெரிதாக 'நீ', 'நீங்கள்' என்று எழுதினார். ஆங்கிலத்திலும் நம்மைப் போலவே இரண்டு இருந்ததாம். ஒருவருக்கு 'தௌ', பலருக்கு 'யீ', 'யூ'. 13-ஆம் நூற்றாண்டுக்கு அப்புறம் பிரெஞ்சு வழக்கத்தைப் பார்த்து, பெரிய மனிதர் ஒருவராக இருந்தாலும் பன்மையில் அழைக்க ஆரம்பித்தார்கள், நாம் ஒருவரையே 'நீங்கள்' என்று சொல்வது போல. அந்த மரியாதை மெல்ல மெல்ல எல்லோருக்கும் போய், 17-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் பொதுவான ஆங்கிலத்தில் 'தௌ' கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. 1611-இல் வெளியான கிங் ஜேம்ஸ் பைபிளைப் பார்த்தால் பக்கத்துக்குப் பக்கம் அந்த 'தௌ' இருக்கும், வகுப்பில் இருந்த நர்ஸ் அக்கா சர்ச்சில் கேட்ட வரியை உடனே எடுத்துச் சொன்னார். ஆக இன்று இருக்கும் யூ உண்மையில் 'நீங்கள்'. 'நீங்கள் வருகிறாய்' என்று நாம் சொல்வோமா? அதே காரணத்தால்தான் யூ பக்கத்தில் இஸ் வராது. இந்த ஒரு விளக்கத்துக்கே அந்த மாத ஃபீஸைக் கொடுத்துவிடலாம். அதோடு எனக்கு ஒரு பெரிய தயக்கமும் போனது. அறுபது வயது பையரை யூ என்று எழுதும்போதெல்லாம் 'நீ' என்று சொல்வது போலக் கூசி, 'யுவர் குட் செல்ஃப்' என்றெல்லாம் சுற்றி வளைத்துக்கொண்டிருந்தேன்.

'வி' பற்றிய பாடம் என் தொழிலுக்கு நேராகப் பட்டது. தமிழில் நாம் வேறு, நாங்கள் வேறு. கேட்கிறவரையும் சேர்த்தால் நாம், விட்டுவிட்டால் நாங்கள். ஆங்கிலத்துக்கு இந்த வசதி இல்லவே இல்லை, இரண்டுக்கும் ஒரே 'வி'தான். "வி ஹாவ் டு பேர் திஸ் காஸ்ட்" என்று பையர் எழுதினால் அது அவர்கள் கம்பெனியா, அவர்களும் நாங்களும் சேர்ந்தா? படித்தவுடன் 'நாம்' என்று எடுத்துக்கொண்டு தலையாட்டிவிடக் கூடாது, கேட்டுவிட வேண்டும். நாம் எழுதும்போதும் எங்கள் பக்கம் மட்டும் என்றால் கம்பெனி பெயரை எழுது, இரண்டு பேரும் என்றால் 'போத் ஆஃப் அஸ்' என்று உடைத்து எழுது என்றார். நம் மொழியில் இருக்கிற ஒன்று ஆங்கிலத்தில் இல்லை என்று சொல்லிக்கொடுத்த முதல் ஆங்கில டீச்சர் இவர்தான். அதுவரை நமக்கு என்னென்ன தெரியாது என்ற கணக்கை மட்டும்தான் எல்லோரும் சொன்னார்கள்.

'தன்' விஷயமும் அப்படித்தான். "ரவி, குமாரிடம் தன் வண்டி ரிப்பேர் என்றான்" என்றால் வண்டி ரவியுடையது என்பதில் சண்டையே இல்லை. ஆங்கிலத்தில் 'ஹிஸ் பைக்' என்றால் யார் வண்டி? இரண்டு பேரும் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார்கள், 'ஹிஸ்' இரண்டு பேரையும் பார்த்துக் கை நீட்டுகிறது. அங்கே வெட்கப்படாமல் பெயரைத் திரும்ப எழுதிவிடு என்பதுதான் இவர் வழி. சப்ளையர், ஏஜென்ட், பையர் மூன்று பேரும் வரும் மெயிலில் நான் இப்போது ஹிஸ்ஸை எழுதுவதே குறைவு.

அப்புறம் நம் ஊரே சொல்லும் "மைசெல்ஃப் கார்த்திக்". இது தப்பு என்று எல்லோருக்கும் தெரியும், ஏன் என்று இங்கேதான் கேட்டேன். செய்கிறவரும் அந்தச் செயலை வாங்கிக்கொள்கிறவரும் ஒரே ஆளாக இருக்கும்போதுதான் அந்த செல்ஃபுக்கு முக்கியமான வேலை. "ஐ கட் மைசெல்ஃப்" என்றால் வெட்டினதும் நான், வெட்டுப்பட்டதும் நான். அறிமுகம் செய்துகொள்ளும்போது முன்னால் ஒரு ஐ இல்லாமல் மைசெல்ஃப் மட்டும் வந்தால் கண்ணாடி மட்டும் இருக்கிறது, எதிரில் ஆள் இல்லை. "ஐ அம் கார்த்திக்" போதும்.

ஐ, மீ தகராறுக்கு இவர் கொடுக்கும் சோதனை சுலபம். "ப்ளீஸ் கால் மை மேனேஜர் அண்ட் ஐ" சரியா? மேனேஜரைத் தூக்கிவிட்டுப் படி. "ப்ளீஸ் கால் ஐ." காது ஒத்துக்கொள்ளாது. தமிழில் 'நான்' என்பது வேற்றுமை ஏறும்போது 'என்' ஆகிறதே, என்னை, எனக்கு, என்னால் என்று, அதே மாற்றம்தான் ஐ மீ ஆவதும். அண்ட் ஐ என்று எழுதினால்தான் படித்தவர் இங்கிலீஷ் என்று நானும் வருடக்கணக்காக நம்பிக்கொண்டிருந்தேன்.

படர்க்கை ஒருமைக்கு வரும் எஸ் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், எல்லோருக்கும் தெரிந்த தொல்லைதான். தமிழில் வந்தேன், வந்தாய், வந்தான், வந்தாள் என்று வினையின் வாலிலேயே ஆள் உட்கார்ந்திருக்கும், அதனால் நாம் 'நான்' என்ற சொல்லையே விட்டுவிட்டுப் பேசலாம். ஆங்கிலம் பெரும்பாலான வினைகளில் அந்த வாலை எல்லா இடத்திலும் அறுத்துவிட்டு, ஹி, ஷி, இட் மூன்றுக்கு மட்டும், அதுவும் நிகழ்காலத்தில் மட்டும், எஸ் என்று ஒரு துண்டை மிச்சம் வைத்திருக்கிறது. வால் இல்லாததால் ஆளை முன்னால் சொல்லியே ஆக வேண்டும். "வில் சென்ட் டுமாரோ" என்று நான் மொட்டையாக எழுதியதற்கு, யார் அனுப்புவார்கள் என்று பையர் திருப்பிக் கேட்டதன் காரணம் அதுதான்.

குறைகளும் உண்டு, சொல்லிவிடுகிறேன். நோட்ஸ் எதுவும் தருவதில்லை, பலகையில் எழுதுவதை நாமே வேகமாக எழுதிக்கொள்ள வேண்டும், ஒரு வாரம் போகவில்லை என்றால் பக்கத்தில் இருப்பவர் நோட்டுதான் கதி. போனில் சந்தேகம் கேட்க முடியாது, எடுக்க மாட்டார். உச்சரிப்புக்கும் சரளமாகப் பேசுவதற்கும் இங்கே பயிற்சி மிகக் குறைவு. அடுத்த மாதம் இன்டர்வியூ இருக்கிறது என்று ஓடி வந்த இரண்டு பேர் மூன்றாவது வாரமே நின்றுவிட்டார்கள், அவர்கள் மேல் தப்பு இல்லை. ஆறு வாரம் பிரதிப்பெயரிலேயே நிற்கும் பொறுமை எல்லோருக்கும் வராது. ஏப்ரல், மே மாதங்களில் ஒன்பது மணிக்கே அந்தக் கூரை கொதிக்கிறது, ஒரே ஒரு ஃபேன்.

ஒரு விஷயத்தில் எனக்கு அவரோடு உடன்பாடே இல்லை. ஆணா பெண்ணா என்று தெரியாத ஒருவரைப் பற்றி எழுதும்போது 'தே' போட்டால் சிவப்பு மையில் அடித்து 'ஹி ஆர் ஷி' என்று திருத்துகிறார். எங்கள் பையர் ஆபீஸ்களில் பலர், தங்களை எந்தச் சொல்லால் குறிக்க வேண்டும் என்று தங்கள் கையெழுத்துக்குக் கீழேயே ஷி, ஹெர் என்றோ தே, தெம் என்றோ போட்டு அனுப்புகிறார்கள், எனக்கு அது தினசரி வேலை. ஒருவரைக் குறிக்கும் தே நேற்று முளைத்ததும் இல்லை, 14-ஆம் நூற்றாண்டிலிருந்தே ஆங்கில எழுத்தில் இருக்கிறது. மெரியம் வெப்ஸ்டர் அகராதி 2019-இல் தே என்பதையே ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது. டீச்சர் சொல்லிக்கொடுத்த முறையிலேயே நான் பதில் சொன்னேன். 'அவர்' என்பது பலர்பால் சொல்தானே, அதை ஒருவருக்கு மரியாதையாகச் சொல்கிறோமே, அதில் ஆணும் அடங்குகிறார் பெண்ணும் அடங்குகிறாரே, 'அவர் வந்தார்' என்று வினையையும் பலர்பாலிலேயே முடிக்கிறோமே, அப்படியென்றால் 'தே ஆர்' மட்டும் எப்படித் தப்பாகும்? வகுப்பில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "நீ சொல்றது நியாயமாத்தான் இருக்குது கண்ணு, ஆனா பரீட்சைப் பேப்பர் திருத்தறவங்க மார்க் போட மாட்டாங்க" என்றார். தேர்வுக்குப் படிப்பவர்களை நினைத்து அவர் சொல்வது புரிகிறது. மெயில் எழுதுகிறவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டும், இந்த இடத்தில் வகுப்பு காலத்துக்கு ஒரு அடி பின்னால்தான் இருக்கிறது.

ஆப் வைத்துப் படித்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு: நானும் எட்டு மாதம் ஒரு ஆப்பில் தினம் பத்து நிமிடம் தட்டினேன். ஹிஸ்ஸா ஹெர்ரா என்று கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லும், சரியாக அழுத்தினால் பச்சை விளக்கு. ஆனால் என்னுடைய தப்பு கோடிட்ட இடத்தில் இல்லை, நான் தமிழில் நினைத்ததை ஆங்கிலத்தில் இறக்கும் இடத்தில் இருந்தது. அந்த இடத்தைப் பார்க்க இரண்டு மொழியும் தெரிந்த ஒரு ஆள் எதிரில் உட்கார வேண்டியிருக்கிறது. வாரம் ஒரு முறை நம்முடைய சொந்த மெயிலையோ ரிப்போர்ட்டையோ, பெயரும் தொகையும் அடித்துவிட்டு, அச்செடுத்துக் கொண்டு வரச் சொல்கிறார். ஒவ்வொரு பிரதிப்பெயருக்கும் மேலே த, மு, ப என்று பென்சிலில் போட வேண்டும், தன்மை, முன்னிலை, படர்க்கை. போட முடியாமல் எங்கே பென்சில் நிற்கிறதோ அங்கேதான் பையரும் குழம்பப் போகிறார். நர்ஸ் அக்காவின் ஷிஃப்ட் ரிப்போர்ட்டில் 'ஷி' என்று ஆறு இடத்தில் இருந்தது, அதில் நோயாளி யார், நோயாளியின் அம்மா யார் என்று அவருக்கே ஒரு இடத்தில் சொல்லத் தெரியவில்லை. அன்றைக்கு அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். மருந்து கொடுக்கும் இடத்தில் அந்தக் குழப்பம் என்ன செய்யும் என்று யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பையர்களுக்கோ மேலதிகாரிகளுக்கோ எழுதுவது உங்கள் அன்றாட வேலை என்றால், அடிப்படை ஆங்கிலம் ஏற்கெனவே கொஞ்சம் இருந்தால், கண்டிப்பாகப் போகலாம். ஏ, பி, சி, டியிலிருந்து தொடங்குகிறவர்களுக்கு இது இடம் இல்லை. ஐந்தில் நாலரை கொடுப்பேன், அரையைக் குறைத்தது அந்த தே சமாச்சாரத்துக்கும் நோட்ஸ் இல்லாததற்கும்.

புது ஆட்களை ஜூன் மாதத்திலும் பொங்கல் கழித்தும் மட்டும்தான் சேர்த்துக்கொள்கிறார், பதினாறு பேருக்கு மேல் நாற்காலி இல்லை. போவதாக இருந்தால் ஆறே முக்காலுக்கே போய்விடுங்கள், ஃபேனுக்குக் கீழே இருக்கும் இடம் சீக்கிரம் நிறைந்துவிடும். முதல் நாளே உங்கள் மெயில் ஒன்றை அச்செடுத்துக் கையில் கொண்டு போங்கள், போன் திரையில் காட்டினால் படிக்க மாட்டார்.